கயிற்றுத் தடத்துக்கு மேலே

மே 3, திங்கள்

இரவு முழுதும் மழை. விடிந்தும் விடவில்லை. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பாதி ஆள்தான். ரப்பர் மரம் ஈரம், பால் வெட்டு இல்லை.

வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்று போடச் சொல்லி உத்தரவு. ஆசுபத்திரிப் பதிவேட்டில் அப்படித்தான் போடுகிறேன். இது என் சொந்த நோட்டு. 1943.

இருப்பு: குயினைன் இல்லை. அயோடின் கால் புட்டி. கந்தகக் களிம்பு ஒரு டப்பா, அடியில் ஒட்டியிருப்பது. கட்டுத் துணி இல்லை, பழைய வேட்டியைக் கிழித்து வேகவைத்துக்கொள்கிறேன். தவிடு அரை மூட்டை. இப்போது இருப்பதில் உண்மையான மருந்து அது ஒன்றுதான். சத்துக் குறைவால் கால் வீங்கும் பெரிபெரிக்காரர்களுக்குக் கஞ்சியில் போட்டுக் கொடுக்க.

ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஏழு மணி என்கிறது, வெளியே கும்மிருட்டு. ஆனால் வயிறு மட்டும் பழைய நேரத்துக்கே பசிக்கிறது. அது எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது? நல்ல கேள்வி. பின்பக்கத்தில் 32ஆவதாக எழுதிக்கொண்டேன்.

இந்தப் பின்பக்கக் கேள்விகள் எல்லாம் குளுவாங் டவுனிலிருந்து மாதம் ஒரு முறை வந்த வெள்ளைக்கார டாக்டரிடம் கேட்பதற்காகச் சேர்த்தவை. மனுஷன் சிங்கப்பூரில் சிறையில் இருப்பதாகப் பேச்சு. லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் என்னிடம் கேட்பார்கள், நான் அவரிடம் கேட்பேன், அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இப்போது மருந்து கட்டும் டிரசர் நானே பதில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தது பாதி, துணிச்சல் பாதி.

போன வாரம் வந்தவை:
ஒருவன் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் ஏன் வருகிறது.
தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குகிறது, முதுகு ஏன் சுருங்குவதில்லை.
தன் அக்குளில் தானே கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வருவதில்லை. (என் பெண்சாதி ரோசம்மாவிடம் செய்து பார்க்கப் போனேன். கரண்டியைத் தூக்கிவிட்டாள்.)

மே 5, புதன்

வெயில். நோயாளிகள் 14. காய்ச்சல் 9, கால் புண் 3, பெரிபெரி 2. பெரிபெரிக்காரர்களின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கிறது. தவிட்டுக் கஞ்சி. மாட்டுத் தீனி என்று ஒருவன் கொட்டிவிட்டான். திட்டினேன். மறுபடி ஊற்றி, குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றேன்.

மத்தியானம் செல்லம்மா வந்தாள். மூன்றாவது லயம், காத்தான் பெண்சாதி. இரண்டு பேரும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள், பிள்ளை இல்லை. நோய் என்று வரவே மாட்டாள், கேள்வியோடுதான் வருவாள். கொட்டாவிக் கேள்வியும் அவளுடையதுதான். தோட்டத்தில் மூளையைப் பயன்படுத்துகிறவர்களில் அவள் ஒருத்தி.

"டிரசரையா, படுத்தா வராத மூச்சு, எந்திரிச்சு உக்காந்தா வருதே, அது எப்படி?"

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லலா. பால் கொட்டகையில சும்மா பேச்சு வந்துச்சு."

நன்றாகவே விளக்கினேன். படுக்கும்போது வயிறு மேலேறி நெஞ்சுக்கூட்டை அழுத்தும், உட்கார்ந்தால் இறங்கிவிடும், இடம் கிடைக்கும், மூச்சு ஓடும். மேசை மேல் தவிட்டு மூட்டையைப் படுக்கவைத்தும் நிமிர்த்தியும் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். போகும்போது, "அப்ப உக்காந்தே தூங்கினா ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள். ஒன்றும் ஆகாது, கழுத்துதான் வலிக்கும் என்றேன். சிரித்தாள்.

33ஆவது. பதில் எனக்கே திருப்தி.

மே 7, வெள்ளி

கெட்ட செய்தி. பெ.கி. (பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. துரை ஓடிப்போன பிறகு தோட்டமே அவர் தலையில்தான்) கூப்பிட்டு அனுப்பினார். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு இந்தத் தோட்டத்திலிருந்து இருபது ஆள். மூன்று மாதம்தான், சோறு உண்டு, சம்பளம் உண்டு என்கிறார்கள். போன முறை காஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஐந்து மாதமாகியும் வரவில்லை. ஒரு கடுதாசி கிடையாது.

பெ.கி. முப்பது பேர் எழுதியிருக்கிறார். கல்யாணமாகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் முதலில். செவ்வாயன்று ஜப்பான் மருத்துவச் சிப்பாய் ஒருவன் வருவான், நானும் கூட நின்று பார்க்க வேண்டும். கால் வீங்கியவன் வேண்டாமாம், வழியிலேயே விழுந்துவிடுகிறானாம்.

"நீங்க பாத்து சொல்றதுதான். எனக்கு இருபது தலை கணக்கு வரணும், அவ்வளவுதான்" என்றார். பட்டியலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

முப்பதில் காத்தான் பேரும் இருக்கிறது.

ரோசம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். "யாரை அனுப்பணும்னு நீங்களா முடிவு பண்ணப் போறீங்க?" என்றாள். நான் இல்லை, அவர்கள் உடம்புதான் முடிவு செய்யும் என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

மே 8, சனி

மரவள்ளிக்கிழங்கு, கிழங்குக் கீரை, மறுபடி மரவள்ளிக்கிழங்கு. இரண்டு நாளாக வயிற்றில் ஒரே இரைச்சல்.

ஆசுபத்திரி வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். மருந்துக்கு வந்தவர்கள் இல்லை. பட்டியல் சமாசாரம் லயம் முழுதும் பரவிவிட்டது. யாரும் நேராகக் கேட்கவில்லை. செல்லம்மாதான் முன்னால் வந்தாள்.

"ஐயா, காலை அழுத்தினா குழி வுழுதுன்றாங்களே. எப்படி வுழுது?"

கேள்வி என்று வந்துவிட்டால் என் வாய் நிற்காது. இரத்தம் காலுக்கு இறங்குவது ஒரு வழி, ஏறுவது ஒரு வழி, ஏறும் வழி சரியாக வேலை செய்யாவிட்டால் கீழே நீர் தேங்கும், தேங்கினால் குழி விழும் என்றேன். புரியவில்லை என்றாள் ஒருத்தி. அவள் விரலில் ஒரு ரப்பர் நாடாவைச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் விரல் நாவல்பழமாகிவிட்டது. பாருங்கள், வீட்டுக்குப் போகும் வழியை அடைத்தால் இப்படித்தான் என்றேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இத்தனை கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. கோவில் பிரசங்கத்தைக்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள்.

நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மே 9, ஞாயிறு

சாமியார் வரவில்லை. வீட்டிலேயே செபம். மழை. செருப்பின் வார் அறுந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு ஒரு செருப்புக்கு வழியில்லை.

மே 11, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஆசுபத்திரி வராந்தாவில் முப்பது பேர். ஜப்பான் சிப்பாய், சின்ன வயது, கண்ணாடி. கூட மலாய் பேசும் ஒரு துபாஷி. நான் அழுத்திப் பார்த்துச் சொல்வது, துபாஷி மாற்றிச் சொல்வது, சிப்பாய் எழுதுவது.

முதல் மூன்று பேர் சரி. நாலாவது ஆளுக்குக் குழி. ஐந்தாவதுக்கும். ஏழாவது வந்தவன் முத்து. சனிக்கிழமை இரண்டு வாளிப் பாலைச் சுமந்துகொண்டு ஓடியவன். அவனுக்கும் குழி! மூன்று நாளில் யாருக்கும் இப்படி வராது. கால்சட்டையை மேலே தூக்கினேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ஒரு தடம். கயிற்றுத் தடம். முன்னே குழி விழுந்த இருவரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். அதே தடம்.

என் ரப்பர் நாடா.

கோபம் வந்தது. என்னையே முட்டாளாக்குகிறார்களே என்று. பயமும் வந்தது. எது முதலில் வந்தது என்று எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. சிப்பாய் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான். "கெனாப்பா?" என்றான் துபாஷி. ஏன் இத்தனை பேருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று கேட்கிறாராம்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரிபெரி என்றே சொல்லியிருக்கலாம். தடத்தைக் காட்டினேன். காட்டியதோடு நிற்கவில்லை. எங்கே கட்டுவது, எப்படி வீங்கும் என்று விளக்கவும் செய்தேன். சிப்பாய்க்கு ஒரே ஆச்சரியம். தன் கையிலேயே ஒரு நூலைக் கட்டி நரம்பு புடைப்பதைப் பார்த்தான், சிரித்தான், என் தோளைத் தட்டினான், ஒரு சிகரெட் கொடுத்தான். பிறகு வேலை சுலபமாகிவிட்டது. தடம் இருந்தால் பொய்க்காரன், பொய்க்காரன் என்றால் தகுதி. அழுத்திப் பார்க்கவே வேண்டியதில்லை. மொத்தம் ஏழு பேர் சிக்கினார்கள்.

ஏழில் ஒருவன் காத்தான். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு. நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன். அவன் காலில் தடம் மற்றவர்களைவிட ஆழம். "தகுதி" என்று நானே முதலில் சொன்னேன்.

இருபது நிறைந்துவிட்டது. பெ.கி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

சிகரெட்டைப் புகைத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு நல்ல சிகரெட்.

மே 12, புதன்

லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அடித்து ஏற்றவில்லை, அதுவே பெரிது. பெண்கள் அழுகை. காத்தானை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இன்னும் நடிப்பை விடவில்லையே என்று பட்டது.

எல்லாரையும் குளுவாங் ஸ்டேஷன் கொட்டகையில் வைத்திருப்பார்களாம். மற்ற தோட்டத்து ஆள் சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை ரயில்.

ரோசம்மா காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். பொய்யைப் பொய் என்றேன், அதில் என்ன தப்பு என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தவள தன் வாயால கெடும்னுவாங்க. இங்க தவள கத்துது, பாம்பு வேற யாரையோ புடிச்சிட்டுப் போவுது."

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கிழங்குதானே, பெரிய தியாகம் இல்லை.

மே 13, வியாழன்

காலை. மழையால் வேலை இல்லை. செல்லம்மா வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவளுக்கு ஒரு கேள்விதான்.

"ஐயா, உக்காந்து தூங்குறவங்களுக்கு அங்க சாய செவுரு இருக்குமா?"

"யாரு உக்காந்து தூங்குறது?"

"எங்க வீட்டுக்காரருதான். ரெண்டு வாரமாச்சு. படுத்தா மூச்சு அடைக்குது, எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. அதான் அன்னிக்கு உங்ககிட்ட கேட்டேன்."

"பால் கொட்டகைப் பேச்சுன்னு சொன்னியே!"

"சீக்குன்னு சொன்னா பெரட்டுல பேரை அடிச்சிருவாங்க. பேரை அடிச்சா ஒரு ஆள் அரிசி போச்சு. எப்படிய்யா சொல்றது?"

தெரிந்திருக்க வேண்டும். இந்த லயங்களில் யார் தன் நோயைத் தன் நோய் என்று சொல்கிறார்கள்? வேலைக்கு வராதவனுக்கு அரிசி இல்லை என்று ஆனதிலிருந்து எல்லாருடைய வயிற்றுப்போக்கும் பக்கத்து வீட்டுக்காரனுடையதுதான். பதினாறு வருஷம் டிரசர் உத்தியோகம், இது எனக்குத் தெரியாதா?

கால் எப்போதிலிருந்து வீக்கம் என்று கேட்டேன்.

"அது முன்னாடியே இருந்துச்சு. பொழுது சாயுறப்ப பானை மாதிரி ஆயிரும். குழியும் வுழும். ஆனா போதுமோ போதாதோன்னு பயந்துட்டு, நான்தான் கயிறும் கட்டினேன். அவரு வேணாம் வேணாம்னாரு."

அவள் போன பிறகு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். 33. படுத்தால் வராத மூச்சு உட்கார்ந்தால் வருகிறது. என் கையெழுத்து, அழகாக இருக்கிறது. இதயம் வீங்கியவன் இப்படித்தான் தூங்குவான். டாக்டர் இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேறு யாராவது வந்து, "இப்படி ஒரு ஆள் இருக்கிறான்" என்று சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே தவிடும் படுக்கையும் கொடுத்திருப்பேன். கேள்வியாக வந்ததால் பதில் கொடுத்து அனுப்பினேன்.

இன்னொன்று. கயிறு கட்டினால் கயிற்றுக்குக் கீழேதான் வீங்கும். நோய் என்றால் மேலேயும் வீங்கும், தொடையிலும் குழி விழும். தடத்துக்கு மேலே ஒரு விரல் வைத்து அழுத்தியிருந்தால் போதும். ஒரே ஒரு முறை. நாடி பிடிக்கவில்லை. நெஞ்சில் காது வைக்கவில்லை. தடத்தைப் பார்த்ததும் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டதாக நினைத்தேன்.

வெட்கம். பெ.கி.யிடம் சைக்கிள் கேட்டிருக்கிறேன். நாளைக்கு ரயில்.

மே 14, வெள்ளி

குளுவாங்குக்குக் கிளம்பியபோது இருட்டு, திரும்பியபோது விளக்கு வைத்தாயிற்று. பன்னிரண்டு மைல். பெ.கி. சைக்கிள், டியூப் இல்லாமல் கயிறு திணித்த டயர். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கிறது. ரோசம்மா கேட்காமலேயே ஒரு துணிப்பையில் தவிடு கட்டிக் கொடுத்திருந்தாள்.

ஸ்டேஷன் கொட்டகையில் நூறு பேருக்கு மேல். அதே சிப்பாய், அதே துபாஷி. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தான். ஒரு ஆளைத் தவறாகத் தகுதி என்று சொல்லிவிட்டேன், அவனுக்கு சக்கிட், இதய நோய், என் தப்பு என்றேன்.

காத்தானைக் கூட்டி வந்தார்கள். பத்து அடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றான். சிப்பாய் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தான். கயிறு அறுத்த இடம் புண்ணாகியிருந்தது. விரலால் அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான். துபாஷி, "நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்கன்னு கேக்கிறாரு" என்று மலாயில் சொன்னான்.

இல்லை, மேலே பாருங்கள் என்று மண்டியிட்டேன். தொடையில் அழுத்தினேன். கட்டைவிரல் பாதி உள்ளே போனது. எடுத்தேன். குழி நின்றது. மறுபடி இன்னும் மேலே, இடுப்புக்குப் பக்கத்தில். அங்கும். சிப்பாய் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் காகிதத்தில் இருபது. "வேற ஆள் கொண்டாந்தியா?" என்றான் துபாஷி. இல்லை என்றேன். மறுபடி தொடையைக் காட்டப் போனேன். சிப்பாய் "பகேரோ" என்று திட்டிக் கன்னத்தில் ஒன்று விட்டான். என் மூக்குக் கண்ணாடி எங்கோ விழுந்தது. காத்தான்தான் மெல்லக் குனிந்து எடுத்துக் கொடுத்தான். குனிந்ததற்கே அவனுக்கு இரைத்தது.

தவிட்டுப் பையைக் கொடுத்தேன். தினம் இரண்டு கை, சோற்றிலோ தண்ணீரிலோ, எப்படியாவது உள்ளே போகட்டும் என்றேன்.

"சரிங்கய்யா." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, "செல்லம்மா மனசு ஒடிஞ்சிருவா. கயிறு கட்டினதாலதான்னு நெனைப்பா. அவ மேல தப்பு இல்லன்னு சொல்லிருங்க."

"தப்பு என்னுதுடா" என்றேன்.

"யாருதோ ஒண்ணு. அவளுது இல்லன்னு சொல்லுங்க, போதும்."

மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றுவது மாதிரி ரயிலில் ஏற்றினார்கள். அவனுக்குக் கதவோரம் உட்கார இடம் கிடைத்தது.

மே 15, சனி

கன்னம் வீங்கியிருக்கிறது. நோயாளிகள் 17. எல்லாருக்கும் நாடி பிடித்தேன். கால் புண்ணுக்கு வந்தவனுக்கும் நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். பயந்துபோனான்.

ஒருவன் விக்கல் ஏன் வருகிறது என்று கேட்டான். யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான் என்றான். எத்தனை நாளாக, எத்தனை தடவை, சாப்பிட்டது என்ன என்று விசாரித்ததில் விக்கலே நின்றுவிட்டது.

செல்லம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கோழை.

மே 16, ஞாயிறு

வெயில். செபம் முடித்துவிட்டு நேராக மூன்றாவது லயம். வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். உட்காரச் சொன்னேன், நான் நின்றுகொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் விடவில்லை. நீ கேட்ட கேள்வியிலேயே நோய் இருந்தது, எனக்குப் புரியவில்லை. கயிற்று வித்தையை ஜப்பான்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். தடத்துக்கு மேலே அழுத்திப் பார்க்காதவன் நான். தகுதி என்று முதலில் சொன்னவனும் நான்தான். நீ கட்டினதால் இல்லை.

அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லவருய்யா. என் மனசு ஆறணும்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. நான் மட்டும் கட்டாம இருந்திருந்தா நீங்க பாத்துச் சொல்லி வுட்டிருப்பீங்க, எனக்குத் தெரியாதா" என்றாள்.

இல்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கங்காணி பெண்சாதி வந்தாள். "அழாதடி. பன்னெண்டு மைல் சைக்கிள் மிதிச்சுப் போயி, உன் புருசனுக்காக அறை வாங்கிட்டு வந்து நிக்கிறாரு மனுசன். கன்னத்தைப் பாரு" என்றாள். எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். அந்தக் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "போதும்யா, வுடுங்க" என்றார்.

செல்லம்மா உள்ளே போய் ஒரு பப்பாளியைக் கொண்டுவந்தாள். வீட்டுக்குப் பின்னால் காய்த்தது, அவர் திரும்பி வந்ததும் அறுக்கலாம் என்று விட்டு வைத்திருந்தாளாம். வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டம்மாவுக்குக் கொடுங்கள் என்று நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.